பிரேரணை அங்கிளும் ஒரு கட்டு விறகும்

இலங்கைத் தீவில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் இருந்தும், உலகத்துக் காடுகளை எப்படி நடத்த வேண்டும் என்று வாக்களிக்கும் உரிமையுள்ள சமூக அவை உறுப்பினர் ஒரேயொருவர்தான் இருந்தார். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், லிஃப்ட் பழுதான பிளாட் ஒன்றின் நான்காம் மாடியில் அவர் தனியாக வசித்தார். எதிர் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. எதிர்ப்பக்கக் கதவுக்குப் பின்னால் ஒரு வயதானவர் இருக்கிறார், எதைக் கேட்டாலும் "எழுத்தில தாரும்" என்பார் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பிரேரணை அங்கிள். நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படிச் சொன்னால்தான் வரும்.

1. வேலையில் சேர்ந்த முதல் வருடம் நான் ஓர் அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன்.
2. அந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஒரு கேற் போட்டார்கள்.
3. கேற்றுக்கு இந்தப் பக்கம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்களால், அந்தப் பக்கம் கிடந்த விறகைப் பொறுக்க முடியாமல் போனது.
4. அதைத் திருத்துவதற்காகப் பிரேரணை அங்கிள், காடுகளுக்கு விதி எழுதும் அமைப்பின் உலக மகாசபைக்கு ஒரு பிரேரணை, அதாவது தீர்மான வரைவு, எழுதினார்.
5. அதை ஆமோதிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவருக்கு உலகத்தில் ஒருவரையும் தெரியாது.
6. தேடினார்.

ஆறுக்குப் பிறகு நடந்தவற்றுக்கு இலக்கம் போட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் அலுவலகம் காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்தது. நீங்கள் வாங்கும் மேசையிலோ பென்சிலிலோ, காட்டைக் கெடுக்காமல் வெட்டிய மரம் என்று சொல்லும் சிறிய முத்திரை ஒன்று இருக்கலாம். அந்த முத்திரையைக் கொடுக்கு முன் யாராவது ஒருவர் தோட்டத்துக்கும் ஆலைக்கும் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அந்த யாராவது நான்தான். முத்திரைக்கான விதிகளை எழுதுவது வெளிநாட்டில் இருக்கும் ஒரு சர்வதேச அமைப்பு. அதற்கு முதலாளி கிடையாது. உறுப்பினர்களே அதை ஆளுகிறார்கள்.

நான் சேர்ந்த முதல் நாள், வரவேற்பறைக் கதிரையில் முழுக்கைச் சட்டையோடு ஒருவர் இருந்தார். மடியில் ஒரு ஃபைல். ஃபைலுக்கு மேல் ஒரு ஃபிளாஸ்க்.

"யாரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்தரையும் பார்க்க வரேல்லை, பிள்ளை. நீங்கள்தான் என்னைப் பார்க்க வேணும். நான் அக்கறையுள்ள தரப்பு."

விதிப்படி, சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் எதுவும் அக்கறையுள்ள தரப்பினரின் கருத்தைக் கேட்க வேண்டும். வேறு தரப்பினர் யாரும் எங்கள் படியேறி வருவதில்லை. ஆகவே இவர் தினமும் வந்தார்.

"எவ்வளவு காலமா வாறீங்கள்?"

"மூண்டு வருசம். இதுவரைக்கும் ஒரு கேள்வியும் ஒருத்தரும் கேக்கேல்லை. ஆனா கேக்கிற அண்டைக்கு நான் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

எங்கள் டிரெக்டர் அவரை வெளியேற்ற இரண்டு முறை முயன்று பார்த்தவர். இரண்டு முறையும் அவர் விதிப்புத்தகத்தின் பக்க இலக்கத்தைச் சொன்னார். கடைசியில் டிரெக்டர் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையைப் போட்டுக் கொடுத்து, வரவேற்பறைக் கதிரையை மீட்டுக்கொண்டார்.

மேசை கிடைத்த அன்றைக்கே, தேநீர் ஊற்றும் குசுமா அக்கா அவருக்கு ஒரு கோப்பை கொண்டுவந்தார். அவர் இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம். இஞ்ச ஒரு தேத்தண்ணி குடிச்சன் எண்டா, நாளைக்கு நான் பொருளாதார அவை."

அதற்குத்தான் ஃபிளாஸ்க். இதை விளங்கிக்கொள்ள அந்த அமைப்பின் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் மூன்று அவைகளாகப் பிரிந்திருக்கிறார்கள். காடு, பறவை, பூச்சி என்று கவலைப்படுகிறவர்கள் சுற்றாடல் அவை. தொழிலாளர், காட்டோடு வாழ்கிறவர்கள் பக்கம் நிற்பவர்கள் சமூக அவை. மரத்தால் பிழைப்பவர்கள் பொருளாதார அவை. எங்களைப்போல் சான்றிதழ் கொடுப்பவர்களும் அதற்குள்தான். ஓர் அவையில் எத்தனை பேர் இருந்தாலும் அதன் பலம் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வோர் அவைக்குள்ளும் வசதியான நாடுகள் வடக்கு, மற்ற நாடுகள் தெற்கு. இரண்டுக்கும் சரி பாதி. ஒரு பிரேரணை நிறைவேற மூன்று அவைகளும் தனித்தனியே ஓம் சொல்ல வேண்டும். இரண்டு ஓம், ஒன்று இல்லை என்றால், இல்லைதான்.

அங்கிளைப்போன்ற தனிநபர் உறுப்பினர்கள் எல்லோருக்குமாக ஓர் அவையில் சிறிய பங்குதான் உண்டு. மிச்சம் நிறுவனங்களுக்கு. அவருடைய ஒரு வாக்கின் பலம் எவ்வளவு என்று ஒருநாள் கணினியில் போட்டுப் பார்த்தேன். தசமப் புள்ளிக்குப் பிறகு வந்த பூச்சியங்களுக்கு இடம் போதாமல் அந்தக் கட்டத்தை அகலமாக்க வேண்டியிருந்தது. வேலையில்லாமல் செய்தேன், காட்டியிருக்கக் கூடாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கடைசியில ஒரு இலக்கம் இருக்குத்தானே?"

"ஓம் அங்கிள். இருக்கு."

"அப்ப பூச்சியம் இல்லை," என்றார். அதை அச்சடித்துத் தரச் சொல்லி, பேர்சில் வைத்துக்கொண்டார்.

முன்பு அவர், கிராண்ட்பாஸில் மரம் அறுத்து விற்கும் மரக்காலைகளின் தொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளர். மரக்காலைகள் ஒவ்வொன்றாக மூடின. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் செயலாளர் மட்டும் மிஞ்சினார். அதற்காக அவர் சங்கத்தைக் கலைக்கவில்லை. கலைப்பதற்கும் ஒரு பிரேரணை வேண்டும், பிரேரணையை ஆமோதிக்க இன்னொருவர் வேண்டும். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பிளாட்டில் பொதுக்கூட்டம் நடத்தினார். அந்தக் கூட்டக் குறிப்புகளை எனக்குக் காட்டியிருக்கிறார். அழகான கையெழுத்து. 'வந்திருந்தோர்: ஒருவர். கோரம் (நிறைவெண்) உண்டு. பிரேரணைகள்: ஐந்து. ஆமோதிப்பவர் இன்மையால் ஐந்தும் பின்போடப்பட்டன. கூட்டம் பத்தரைக்கு முடிந்தது.'

"எத்தனைக்குத் தொடங்கினது?" என்று கேட்டேன்.

"பத்துக்கு. ஒவ்வொரு பிரேரணைக்கும் ஆமோதிக்க ஒரு நிமிசம் விடுவன். அது விதி."

நாற்காலியில் இருந்துகொண்டு, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடம். ஐந்து முறை. நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங்கில், வாடகை அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டை ஸ்திரி போடுவேன், கிழமை முழுவதற்கும் ஐந்து. அதற்கும் ஏறக்குறைய அரை மணித்தியாலம்தான் ஆகும். ஆகவே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தன் பிளாட்டிலும் முயன்று பார்த்தார். வருடாந்தக் கூட்டத்தில், லிஃப்ட் பராமரிப்பு விசயத்தில் மேல்மாடிக்காரர் ஒரு அவை, கீழ்மாடிக்காரர் ஒரு அவை, லிஃப்ட்டே பாவிக்காதவர் ஒரு அவை என்று பிரித்து வாக்கெடுக்கப் பிரேரித்தார். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். "இருங்கோ, முதல்ல ரீ குடிப்பம்," என்றார். எல்லோரும் ரீ குடிக்கப் போனார்கள். லிஃப்ட் பழுதானது அந்த வருடம்தான்.

ஆனால் எங்கள் அலுவலகத்தில் அவர் வென்றார். டிரெக்டர் ஒருநாள், இனிமேல் தேயிலைத்தூள் வேண்டாம், ரீ பேக் போதும் என்று சொல்லிவிட்டார். அங்கிள் எழுந்தார்.

"டிரெக்டர், இது அவைகளுக்கு விட வேண்டிய விசயம்."

"அங்கிள், நீங்கள் இஞ்ச தேத்தண்ணியே குடிக்கிறேல்லை."

"அதாலதான் நான் நடுநிலை."

டிரெக்டர் பொருளாதார அவை. வெளிச்சத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கத்தால் நான் சுற்றாடல் அவை. குசுமா அக்கா சமூக அவை. டிரெக்டர் ரீ பேக்குக்கு ஓம். நான் குப்பையை யோசித்துவிட்டு, யோசித்தது போதாமல், ஓம் என்றேன். குசுமா அக்கா, "மம கெமதி நே," என்றார். சிங்களத்தில், தனக்கு விருப்பமில்லையாம்.

"ரெண்டு ஓம், ஒரு இல்லை," என்றார் டிரெக்டர். "முடிஞ்சுது."

"முடிஞ்சுதுதான். விழுந்து போச்சு," என்றார் அங்கிள். "சமூக அவை சம்மதிக்கேல்லை."

குசுமா அக்கா என்னைப் பார்த்தார். என்னை மகள் என்று சிங்களத்தில்தான் கூப்பிடுவார். "துவ, அப்ப எனக்கும் டிரெக்டர் சேருக்கும் ஒரே கனமா?"

"ஓம் அக்கா. இந்த விசயத்தில ஒரே கனம்தான்."

அதற்குப் பிறகு ஐந்து கிழமை டிரெக்டர் திருத்தங்கள் கொண்டுவந்தார். காலையில் தூள், பின்னேரம் பேக். விருந்தினருக்கு மட்டும் பேக். ஐந்தையும் குசுமா அக்கா விழுத்தினார். அந்த ஐந்து கிழமையும் அவர் சாரியைக் கொஞ்சம் கூடுதல் கவனமாக உடுத்து வந்தார் என்று எனக்குத் தோன்றியது.

இனி என் இரண்டு வரி.

அந்த ரப்பர் தோட்டத்தில் வயதான மரங்களை வெட்டித் தள்ளியிருந்தார்கள். அடிமரம் லொறியில் ஆலைக்குப் போகும். கிளைகளை லயத்துப் பெண்கள் கட்டாகக் கட்டித் தலையில் கொண்டுபோவார்கள். வெளியே போகிற மரம் எல்லாம் பதிவில் இருக்க வேண்டும் என்பது விதி. கிளைகள் பதிவில் இல்லை. 'வளாகத்திலிருந்து மரம் பதிவின்றி வெளியேறுகிறது. கட்டுப்பாடு போதாது' என்று எழுதினேன். முதல் அறிக்கை. எழுதிவிட்டு எழுத்துப் பிழை பார்த்தேன். பிழை இல்லை.

ஆறு மாதம் கழித்து, அந்தக் குறை தீர்ந்ததா என்று பார்க்கப் போனேன். அக்கறையுள்ள தரப்பும் கூட வந்தார். புதுக் கேற், பச்சை நிறம். பக்கத்தில் காவலாளி. கேற்றுக்கு வெளியே ஒரு பெண் நின்று உள்ளே கிடந்த கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த ஃபைலைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

"மிஸ், நீங்கதான் எழுதினீங்களாமே, வெறகு பொறுக்கக் கூடாதுன்னு?"

"நான் அப்படி எழுதேல்லை. வெளியில போற மரம் பதிவில இல்லை எண்டுதான் எழுதினனான்."

அவர் யோசித்தார். கோபம் ஒன்றும் இல்லை.

"அப்ப பதிஞ்சுக்கங்க மிஸ். ஒரு கட்டு. எம் பேரு பரமேஸ்வரி. எழுதுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்."

என்னிடம் அதற்குப் படிவம் இல்லை.

குறை தீர்ந்தது என்று குறிக்க வேண்டியது என் வேலை. உண்மையிலேயே தீர்ந்துதான் இருந்தது. ஒரு குச்சிகூட வெளியே போகவில்லை. குறித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அங்கிள் பாணந்துறை வரைக்கும் கொண்டக்டரிடம் ஒரு பிரேரணைகூட வைக்கவில்லை. மற்ற நாட்களில் அதற்குள் இரண்டாவது வைத்திருப்பார். மொறட்டுவையில் சொன்னார்:

"பிள்ளை, நீர் பிழை விடேல்லை."

"ஓம் அங்கிள்."

"மனேஜரும் பிழை விடேல்லை. விதியில உள்ளதைத்தான் செய்தவர்."

"ஓம்."

வெள்ளவத்தையில் இறங்கும்போது, ஒரு கால் படியில் இருக்க, "அப்ப விதியிலதான் ஒரு வரி குறையுது," என்றார். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள்.

அந்த வரியை அடுத்த நாளே எழுதிக்கொண்டு வந்தார். 'வெளியேறும் மரத்தைக் கட்டுப்படுத்த எந்த நடவடிக்கை எடுக்கு முன்னும், அந்த மரத்தில் சமைப்பவர்களிடம் கேட்க வேண்டும்.' அவ்வளவுதான் பிரேரணை. காரணங்களை விளக்கும் இணைப்பு மட்டும் பத்தொன்பது பக்கம். ஒரு பக்கம்தான் அனுமதி. அதை வெட்டுகிற வேலை எனக்கு வந்தது. இரண்டு கிழமை சண்டை பிடித்தோம். மரக்காலையின் வரலாறு போனது. சங்கத்தின் வரலாறு போனது. அவரைப் பற்றிய அறிமுகம் போனது. முதல் பந்தியில் ஒரு வசனம் மட்டும் அசையவில்லை: 'இக்குறையை எழுதிய பரிசோதகர் விதிப்படியே எழுதினார், அவர் மீது தவறில்லை.'

"இது தேவையில்லை அங்கிள். இதை எடுத்தா இடம் கிடைக்கும்."

"அது எடுக்கேலாது."

"ஏன்?"

"எடுத்தா, நீர் எழுதின ரெண்டு வரி மட்டும்தான் உலகத்துக்குத் தெரிய வரும்."

நான் வேறு இரண்டு வசனங்களைச் சுருக்கினேன்.

அடுத்தது ஆமோதிப்பவர்கள். மற்ற இரண்டு அவைகளிலும் இருந்து ஒவ்வொருவர் வேண்டும். சுற்றாடல் அவையின் உறுப்பினர் பட்டியல் இணையத்தில் இருந்தது. அகர வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ஒருவரிடமிருந்து உடனே பதில் வந்தது: விடுமுறையில் இருக்கிறேன், திரும்பியதும் தொடர்புகொள்கிறேன். அங்கிள் நன்றி சொல்லி, விடுமுறை இனிதாக அமைய வாழ்த்தி எழுதினார். உடனே பதில் வந்தது. அவரும் எழுதினார். நான்கு கடிதம் போன பிறகு என்னிடம், "மரியாதையான மனிசன். லீவில நிண்டும் உடன பதில் போடுறார்," என்றார். அது இயந்திரம் போடுகிற பதில் என்று சொல்ல எனக்கு மூன்று நாள் எடுத்தது. சொன்னதும், "அப்பிடியெண்டாலும் பரவாயில்லை," என்றார்.

பட்டியல் முடிகிற கட்டத்தில், தென்னமெரிக்காவில் தவளைகளை ஆராயும் ஒரு பெண்மணி இரண்டு வரி எழுதினார். 'ஆமோதிக்கிறேன். எங்கள் ஊரிலும் விறகு தலையில்தான் போகிறது.' அங்கிள் எழுந்து நின்று அதை வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார்.

பொருளாதார அவைக்கு ஓர் ஆள் என் போர்டிங்குக்கு இரண்டு தெரு தள்ளியே இருந்தார். கொட்டாஞ்சேனையில் ரப்பர் மரத்தில் கரண்டியும் விளையாட்டுச் சாமானும் செய்து ஏற்றுமதி செய்கிற ஹாஜியார். ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

"ஹாஜியார், உங்களுக்கு ஒரு வோட்டு இருக்கு," என்று தொடங்கினார் அங்கிள்.

"எந்த எலக்சன்ல?"

"உலகத்துக் காட்டு எலக்சனில."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "மகள், இவருக்கு ஏதும் சொகமில்லயா?"

"இல்லை ஹாஜியார், உண்மைதான். உங்கட கம்பனி உறுப்பினர். மெயில் வந்திருக்குமே?"

"அதா? லொத்தர்ல காசு விழுந்தண்டு செல்ற கள்ள மெயிலாக்கும் எண்டு நான் தொறக்கிறதே இல்ல." பிரேரணையை வாங்கி இரண்டு முறை வாசித்தார். "இத ஆமோதிச்சா எனக்கு மரம் கொறயுமா?"

"கிளை மட்டும்தான். கையளவு தடிப்புத்தான் இருக்கும்."

"அதுல கரண்டியும் வராது. சரி, போடுறன். ஆனா ஒரு கண்டிசன். நீங்க பழைய சங்கக்காரர் எண்டு தெரியும். என்ட ஆளுகளுக்கு சங்கம் கட்டச் செல்லிக் குடுக்கக் கூடா."

வேறு எந்த மனிதனும் சரி என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தை வாங்கியிருப்பான். அங்கிள் ஒரு கிழமை தவணை கேட்டார். அந்த ஒரு கிழமையும் அவர் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. ஆமோதிக்க வேறு ஒருவரும் இல்லை, கடைசி நாள் நெருங்குகிறது என்று நான் தினமும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை போய், "மன்னிக்க வேணும் ஹாஜியார். சமூக அவையில இருந்துகொண்டு அப்பிடி ஒரு வாக்குக் குடுக்கேலாது. உங்கட பொடியள் கேட்டா நான் சொல்லிக் குடுக்கத்தான் வேணும்," என்றார்.

ஹாஜியார் மேசையில் கை வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேனையத் தாங்க," என்றார். "அவனுகள் கேக்க மாட்டானுகள். கேட்டாலும், உங்களோட கூட்டத்துக்கு இரிக்க அவனுகளுக்குப் பொறும ஈக்காது."

மகாசபை ஏதோ ஒரு நாட்டின் பெரிய மண்டபத்தில் நடந்தது. போக முடியாதவர்கள் திரை வழியாகக் கலந்துகொள்ளலாம். எங்களுக்கு அது பின்னேரம். அங்கிள் கறுப்புக் கோட்டும் டையும் போட்டு வந்தார். டிரெக்டர் தன் அறையைக் கொடுத்தார். குசுமா அக்கா சுவரோரம் நின்றார். நான் கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு பக்கத்தில் இருந்தேன்.

பிரேரிப்பவருக்கு இரண்டு நிமிடம். எழுதி, வெட்டி, பன்னிரண்டு முறை ஒத்திகை பார்த்து, ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் முடிக்கிறவராக அவரை ஆக்கியிருந்தேன். ஆனால் ஒத்திகையில் சபை இருக்கவில்லை. திரையில் அத்தனை முகங்களைக் கண்டதும் அவர் தலைவருக்கு வணக்கம் சொன்னார். மூன்று அவைகளுக்கும் தனித்தனியே வணக்கம் சொன்னார். வடக்குக்கும் தெற்குக்கும் சொன்னார். தவளைப் பெண்மணிக்கும் ஹாஜியாருக்கும் நன்றி சொன்னார். விதியை விளக்கினார். "அந்தக் கேற்றடியில் நின்ற பெண் எங்களிடம் கேட்டது என்னவென்றால்," என்று சொன்னபோது மணி அடித்தது.

தலைவர் நல்லவர். இன்னும் அரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அங்கிள் நிமிர்ந்தார். "நன்றி, தலைவர் அவர்களே. மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம்தான் கொடுத்தீர்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, முடித்துக்கொண்டார்.

"அனே மாத்தயா, ஐயோ ஐயா, சொல்லுங்க," என்று கெஞ்சினார் குசுமா அக்கா. அவர் தலையை ஆட்டிவிட்டார்.

சொல்லாமல் விட்டது பரமேஸ்வரி சொன்னதைத்தான். போர்டிங்குக்குப் போய் அதை நானே சொல்லி நேரம் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு விநாடி.

வாக்கெடுப்பு முடிவு அடுத்த நாள் பின்னேரம் திரையில் வந்தது. சமூக அவை, ஓம். சுற்றாடல் அவை, ஓம். பொருளாதார அவையில் கொஞ்சம் குறைந்தது. எங்கள் மேலிடம் எப்படி வாக்களித்தது என்று டிரெக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஹாஜியார் தொலைபேசியில், "நான் போட்டன், மகள். பாஸ்வேர்ட் மறந்து, மகன் வந்து தொறந்து தந்தான். ஆனா போட்டன்," என்றார்.

"பாஸ் உனாத, நிறைவேறிச்சா?" என்று கேட்டார் குசுமா அக்கா.

"இல்லை குசுமா. ரெண்டு ஓம், ஒரு இல்லை," என்றார் அங்கிள். "சட்டம் சரியாத்தான் வேலை செய்யுது."

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் வழமைபோல் வந்தார். அடுத்த மகாசபைக்கு மீண்டும் வைக்கலாம் என்று புதிய ஃபைல் தொடங்கினார். ஆனால் கண் மங்கிக்கொண்டு வந்தது. நான்கு மாடிப் படியில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் முறை விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அலுவலகம் வராதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கனடாவில் இருந்த அவருடைய தங்கை, வா வா என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இந்த முறை தானே வந்து இறங்கினார்.

"அண்ணா, இனி உங்களைத் தனிய விட ஏலாது."

"அங்க வந்தா நான் வடக்கு ஆயிடுவன்," என்றார் அங்கிள்.

"இவர் என்ன சொல்லுறார்?" என்று தங்கை என்னைக் கேட்டார். "நாங்கள் பருத்தித்துறைதானே? எப்பவும் வடக்குத்தானே?"

நான் விளக்கினேன். அமைப்பில் கனடா வடக்கு, இலங்கை தெற்கு. விலாசம் மாறினால் வாக்கும் மாறும். தங்கை சூட்கேசை அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

விலாச மாற்றப் படிவத்தை இணையத்தில் நான்தான் நிரப்பினேன். அவருக்குத் திரை தெரியவில்லை. நாட்டை மாற்றியதும் பிரிவு தானாகவே வடக்கு என்று மாறியது. வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இப்ப சமூக அவையில, இஞ்சயிருந்து எத்தினை பேர்?"

"ஒருத்தரும் இல்லை அங்கிள்."

"அனுப்பும்," என்றார்.

அவர் போன பிறகு பக்கத்து மேசையை யாரும் எடுக்கவில்லை. டிரெக்டர் அதில் பிரிண்டரை வைக்கலாமா என்று கேட்டார். நானும் குசுமா அக்காவும் இல்லை என்றோம்.

இப்போதைய நிலைமையை எழுதி முடிக்கிறேன். கேற் இருக்கிறது. பிரேரணையை அடுத்த மகாசபையில் மீண்டும் வைக்க இங்கிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். சான்றிதழ் அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு சமூக அவையில் இருக்க முடியாது. ஆகவே அந்த வேலையை விட்டுவிட்டேன். பொரளையில் ஒரு நில அளவை நிறுவனத்தில் வரைபடம் செய்கிறேன். சமூக அவை, தெற்கு, தனிநபர் என்று விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு உறுப்பினர்களின் கடிதம் கேட்டார்கள். ஹாஜியார் ஒன்று தந்தார். மற்றது கனடாவிலிருந்து, தங்கையின் கையெழுத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதியதாக வந்தது. விண்ணப்பதாரரை எவ்வாறு அறிவீர்கள் என்ற கேள்விக்குப் பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். பத்தொன்பது பக்கம் எழுதக்கூடியவர் ஒரு வரிதான் சொல்லியிருந்தார்: 'அந்த அவையில் நான் பல வருடம் தனியாக இருந்தேன், இவர் பக்கத்து மேசையில் இருந்தார்.'

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.